வீட்டில் பாட்டுப் பதிவு: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

கேள்வி: திருநெல்வேலியில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். நானே மெட்டமைத்த பாடல்களை லேப்டாப்பில் பதிவு செய்து வெளியிட ஆசை. தம்பி மிருதங்கம் வாசிப்பான். சில பாடல்களுக்கு நானே வீணையும் வாசிப்பேன். அதில் பிக்கப் பொருத்தியிருக்கிறேன். மைக், ஹெட்போன் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் 192 கிலோஹெர்ட்ஸ் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் யுஎஸ்பி மிக்சர் வாங்கச் சொல்கிறார். மாணவி ஒருத்தி வி8 சவுண்ட் கார்டே போதும் என்கிறாள். நான் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கட்டும்? விண்டோஸ் 11, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது இரண்டு மைக் செருகக்கூடிய, விண்டோஸுக்கென்று தயாரிப்பாளரே கொடுக்கும் ஆசியோ டிரைவர் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) உள்ள ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஸ்கார்லெட் சோலோ உங்களுக்கு வேண்டாம். தனியாகப் பாடிப் பதிவு செய்பவருக்கு அது நல்ல பெட்டி. ஆனால் அதில் இரண்டு உள்ளீடு இருந்தாலும் மைக்குக்கானது ஒன்றுதான். மற்றது கிட்டார், கீபோர்டு, உங்கள் வீணையின் பிக்கப் போன்றவற்றுக்கு. நீங்களும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவருக்கு மைக் இருக்காது. இது தெரியாமல் வாங்கிவிட்டு, ஒரே மாதத்தில் பெரியதைத் தேடி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒருவர் பாடி முடித்தபின் இன்னொருவர் வாசித்துக்கொள்ளலாமே என்று கடையில் சொல்வார்கள். சினிமாப் பாட்டுக்கு அந்த முறை சரி. தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஹெட்போனில் ஓடும், ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து தன் பங்கைப் பதிந்துவிட்டுப் போவார்கள். உங்கள் இசையில் மிருதங்கம் வாசிப்பவர் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார். நீங்கள் ஒரு சங்கதியை இழைத்தால் அவர் கையை அடக்குவார், அடுத்த ஆவர்த்தனத்தில் நீங்கள் வேகமெடுத்தால் கூடவே வருவார், அறுதியில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து விழுவீர்கள். நீங்கள் பாடி முடித்த பதிவுக்குத் தம்பி பிறகு வாசித்தால், அவர் உங்களுக்குப் பதில் சொல்லலாம். நீங்கள் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். அதனால்தான் உங்கள் விஷயத்தில் இரண்டு மைக் உள்ளீடு என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்கிறேன். நான்கு, எட்டு என்று போக வேண்டியதில்லை. இரண்டு போதும்.

அடுத்து டிரைவர், அதாவது பெட்டியையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள். விலை குறைந்த பெட்டிகளில் நல்லதையும் தொல்லையானதையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் இது பெரிதாக அச்சிடப்பட்டிருக்காது. நீங்கள் பாடும் குரல் லேப்டாப்புக்குள் போய், மென்பொருளைத் தாண்டி, ஹெட்போனுக்குத் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதை வழியாகப் போனால் அந்தத் தாமதம் பாடுபவரைத் தடுமாற வைக்கும் அளவுக்குப் போய்விடும். அந்தப் பாதையைத் தவிர்த்து மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் நேரடியாக இணைக்க ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த முறைதான் ஆசியோ. மேக் கணினியில் இந்தக் கவலை கிடையாது, அதன் கோர் ஆடியோவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் மட்டும் டிரைவரைப் பார்த்து வாங்க வேண்டும். ஆசியோ4ஆல் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அது விண்டோஸின் பாதைக்கே ஆசியோ முகம் கொடுக்கிற ஏற்பாடு. அவசரத்துக்கு உதவும், ஆனால் அதை நம்பி ஒரு பெட்டி வாங்கக் கூடாது. பெரிஞ்சரின் யுஎம்2, யுஎம்சி22 ஆகிய இரண்டும் விலைக்காகவே கண்ணை இழுக்கும். அவற்றை விண்டோஸில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசியோ4ஆல் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து மேலே போய்விடுங்கள்.

தாமதத்தைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளக்கும்போது, பஃபரை (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் அளவுகளின் எண்ணிக்கை) 128 சாம்பிளுக்கு வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி. 512க்கு வைத்தால் 10.7. உள்ளே போவது, வெளியே வருவது, டிரைவர் தனக்காக எடுத்துக்கொள்வது என்று எல்லாம் சேர்ந்து 10 மில்லி விநாடிக்குள் நின்றால் நல்ல டிரைவர். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். எனவே 10 மில்லி விநாடி என்பது பதினோரு அடி தள்ளி உட்கார்ந்தவர் வாசிப்பது உங்கள் காதுக்கு வந்து சேரும் நேரம். மிருதங்கத்துக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. சொந்தக் குரலுக்குத்தான் சங்கடம், ஏனென்றால் உங்கள் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது, ஹெட்போனில் வருவது அதன் பின்னால் வந்து மோதுகிறது. இதற்காகத்தான் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு வசதி வைக்கிறார்கள். குரல் லேப்டாப்புக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

192 கிலோஹெர்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது இருந்தால் தப்பில்லை, அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மனிதக் காது கேட்பது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 48இல் பதிவு செய்தால் 24 வரை அப்படியே கிடைத்துவிடும். வீடியோவுக்கு வழக்கமான அளவும் 48தான். 24 பிட், 48இல் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி, 192இல் 34.6 எம்பி. பத்து டிராக் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு முதலாவதில் 430 எம்பியில் முடியும், இரண்டாவதில் 1.7 ஜிபி ஆகும். உங்கள் 8 ஜிபி லேப்டாப் அந்தச் சுமையைச் சுமப்பதில் எந்தப் பலனும் இல்லை. 24 பிட் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பதுதான் பிட். உங்கள் பாட்டில் மந்திர ஸ்தாயிக்கும் தார ஸ்தாயிக்கும் இடையே சத்தத்தின் அளவு அவ்வளவு மாறும். 24 பிட்டில் அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிந்தாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம், இரைச்சல் மேலே வராது.

மற்ற மூன்று யோசனைகளையும் பார்த்துவிடுவோம். மலிவான யுஎஸ்பி மிக்சரில் பெரும்பாலானவை எத்தனை மைக் செருகினாலும் எல்லாவற்றையும் கலந்து இரண்டே சேனலாக லேப்டாப்புக்கு அனுப்புகின்றன. கச்சேரியில் ஸ்பீக்கருக்கு அனுப்ப அது சரி. பதிவில் மிருதங்கம் கூடிப்போனால் பின்னால் அதை மட்டும் குறைக்க வழியில்லை. சிலவற்றில் யுஎஸ்பி துளை பென் டிரைவில் பாட்டுப் போட மட்டுமே; லேப்டாப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வி8 என்பது போனில் நேரலை பேசுகிறவர்களுக்காக வந்த பொருள். கைதட்டல், சிரிப்பு, எக்கோ எல்லாம் இருக்கும், உங்கள் குரலைச் சுத்தமாக எடுத்துக்கொடுக்கும் வேலை அதனால் ஆகாது. அந்த மாணவி போனில் பாடி நண்பர்களுக்கு அனுப்ப அது போதும், அவளைக் குறை சொல்ல மாட்டேன். யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். ஒரு குரலுக்கு அது நன்றாகவே இருக்கும். இரண்டு யுஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் போட்டால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும், நீண்ட பதிவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும்.

சரி, எந்த மாடல்? உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது ஆடியன்ட் ஈவோ 4. இரண்டு மைக் உள்ளீடு, 58 டெசிபல் வரை கெயின் (மைக்கின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), சொந்த ஆசியோ டிரைவர். அதில் ஸ்மார்ட்கெயின் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுச் சில விநாடி பாடினால் அளவை அதுவே வைத்துக்கொள்ளும். பாடிக்கொண்டே பொத்தான்களைக் கவனிக்க ஆள் இல்லாத வீட்டில் இது பெரிய உதவி. கெயின் எண்ணைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. டைனமிக் மைக்கிலிருந்து, அதாவது மேடையில் வழக்கமாகப் பிடித்துப் பாடும் வகையிலிருந்து, வருவது மிகச் சின்ன சமிக்ஞை. அதைத் தூக்கப் பெட்டியில் திராணி இல்லாவிட்டால் பொத்தானைக் கடைசிவரை திருப்ப நேரும், அங்கேதான் மலிவான பெட்டிகளின் இரைச்சல் வெளியே வரும். 2023இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 இந்த விஷயத்தில் இன்னும் பலசாலி, 69 டெசிபல் கெயின் கொடுக்கிறது. ஆனால் அதைப் புதிதாக வாங்கினால் உங்கள் தொகையில் மைக்குக்கு மிஞ்சுவது குறைவு. மோட்டு எம்2வுக்கும் அதே கதைதான், பெட்டி அருமையாக இருந்தாலும்.

பெரிஞ்சர் யுஎம்சி202எச்டி இவற்றில் மலிவானது. இரண்டு மைக் உள்ளீடு, 24 பிட், சொந்த ஆசியோ டிரைவர் மூன்றும் இருக்கின்றன. கெயினைக் கடைசிவரை திருப்பும்போது ஈவோவின் அமைதி இதில் கிடைக்காது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிற உங்களுக்கு அந்த இடம்வரை போக வேண்டிய தேவை அதிகம் வராது. எனவே கேள்வி இப்படி வந்து நிற்கிறது: தம்பியின் மிருதங்கத்துக்கு இரண்டாவது மைக் எங்கிருந்து வரும்? ஊரில் தெரிந்த மைக் செட்காரர் இருந்தால் பதிவு நாளுக்கு மட்டும் அவரிடம் ஒரு நல்ல டைனமிக் மைக்கை வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம். அப்படியானால் ஈவோ 4 வாங்குங்கள். அந்த வழி இல்லையென்றால் யுஎம்சி202எச்டி வாங்கி, மிச்சப் பணத்தில் இரண்டு மைக் வாங்குங்கள். ஒரு மைக்கோடு நிற்கும் உயர்ந்த பெட்டியைவிட இரண்டு மைக்கோடு இருக்கும் சுமாரான பெட்டி உங்கள் பாட்டுக்கு அதிகம் உதவும்.

பழைய பொருள் வாங்கத் தயக்கம் இல்லையென்றால் மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2வும் நல்ல தேர்வு. 2019இல் வந்தது. வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பையும் ஒரு மைக்கையும் கொண்டுபோய், இரண்டு உள்ளீட்டிலும் தனித்தனியே பாடிப் பாருங்கள். கெயின் பொத்தானை மெல்லத் திருப்பும்போது கரகரப்பு வரக் கூடாது. 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கண்டன்சர் வகை மைக்குக்குக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம், வேலை செய்கிறதா என்பதை அந்த வகை மைக் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். ஹெட்போன் துளையில் பிளக்கை அசைத்தும் பாருங்கள், ஒரு காது விட்டுவிட்டுக் கேட்டால் விலகிவிடுங்கள்.

மைக் டைனமிக்காக இருக்கட்டும். கண்டன்சர் கூடாது என்பதில்லை. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்றது உங்கள் குரலின் கமகங்களை இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும். ஆனால் அது தெருவில் போகிற ஆட்டோவையும் அடுத்த வீட்டுக் குக்கரையும் சேர்த்தே பிடிக்கும். டைனமிக் மைக் வெளிச் சத்தத்தைத் தானாகத் தள்ளிவிடுகிறது என்று சொல்வார்கள். உண்மையில் அதை வாய்க்கு நான்கைந்து அங்குலத்தில் வைத்துப் பாடுகிறோம், அதனால் அறையைவிடக் குரல் பல மடங்கு பெரிதாக விழுகிறது. ஷூர் எஸ்எம்58 1966லிருந்து வந்துகொண்டிருக்கிற மைக், உங்களுக்கு அது போதும். போலிகள் நிறைய உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள், அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு எடுங்கள். எஸ்எம்7பி வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்க வேண்டாம். அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் வேண்டும், விலையும் உங்கள் மொத்தத் தொகையையே விழுங்கும்.

வீணைப் பிக்கப்பைச் செருகும்போது இன்ஸ்ட் என்று குறித்த உள்ளீட்டில், அல்லது அந்தப் பெயருள்ள பொத்தானை அழுத்திவிட்டு, போடுங்கள். ஒட்டுப் பிக்கப்புக்கு அதிக மின்மறுப்பு உள்ள உள்ளீடு தேவை. சாதாரண லைன் உள்ளீட்டில் போட்டால் அடிநாதம் செத்துப்போய், மேல் சத்தம் மட்டும் தகரம் போல் வரும். பல வீணைக்காரர்கள் பிக்கப்பைக் குறை சொல்வது இதனால்தான். பிக்கப்போடு கூட மைக்கும் வைத்து இரண்டையும் கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அதற்கும் உங்கள் இரண்டு உள்ளீடு சரியாகப் போதும்.

பணத்தைப் பிரிப்பதில் என் கணக்கு: பெட்டிக்குப் பாதிக்கு மேல் போக வேண்டாம். மைக்குக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தில் காதை முழுதாக மூடும் கம்பி ஹெட்போன், மைக்கைச் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்ட், 'ப' போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர், ஒரு ஹெட்போன் துளையை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, அதன் தாமதத்தில் தாளமே போய்விடும். மூடிய ஹெட்போனைச் சொல்வது தம்புராவுக்காக. செயலியிலிருந்து வரும் தம்புராவை அறையில் ஒலிக்கவிட்டால் அது உங்கள் குரல் டிராக்கிலேயே படிந்துவிடும், பின்னால் ஒரு வரியைக்கூட வெட்டி ஒட்ட முடியாது. தம்புராவைத் தனி டிராக்கில் போட்டு ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். ஒரு காதைத் திறந்து வைத்தால்தான் சுருதி நிற்கிறது என்றால் அப்படியே செய்யுங்கள், பலர் அப்படித்தான் பாடுகிறார்கள். திறந்த பக்கத்துச் சத்தத்தை மென்பொருளில் அணைத்துவிட்டால் போதும்.

உட்காரும்போது இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். முகம் பார்க்கவும் முடியும், இரண்டு மைக்கின் பின்பக்கமும் மற்றவரைப் பார்த்திருக்கும். இந்த வகை மைக் பின்பக்கத்தில்தான் குறைவாகக் கேட்கும். மிருதங்க மைக்கை ஒன்றரை அடி முன்னால், வலந்தலைப் பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். அது வாத்தியத்திலிருந்து இருக்கும் தூரத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது நாலரை அடியாவது, இரண்டு மைக்குக்கும் இடையே இருக்கட்டும். அளவு வைக்கும்போது பேசிப் பார்த்து வைக்க வேண்டாம். தார ஸ்தாயி பஞ்சமத்தை முழுக் குரலில் பிடித்து, அந்த உச்சம் மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 12க்கும் மைனஸ் 10 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி வையுங்கள். சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்தாலும் அந்த இடம் உடைந்து போனதுதான், பின்னால் எதுவும் செய்ய முடியாது.

அறைதான் அடுத்த பெரிய விஷயம், அதற்குச் செலவே இல்லை. இருப்பதில் சின்ன அறை வேண்டாம். துணியும் மெத்தையும் நிறைந்த படுக்கையறைதான் சரி. உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் தடித்த கம்பளியோ மெத்தையோ சாய்த்து வையுங்கள், ஏனென்றால் மைக் உங்களையும் அந்தச் சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டை அட்டை ஒட்டுவதால் பயன் இல்லை. மின்விசிறியை அணைக்க வேண்டும், வேறு வழியில்லை. விடியற்காலையில் பதிந்தால் வெக்கையும் தெருச் சத்தமும் இரண்டுமே குறைவு. ஹெட்போனில் உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் மின்சார எர்த்தில் இருக்கிறது. லேப்டாப் பேட்டரியிலேயே பதிவு செய்துகொண்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தால் உறுமல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. ஈவோ 4, யுஎம்சி202எச்டி, மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றும் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை, கரன்ட் போனாலும் பாட்டு நிற்காது.

கடைசியாக லேப்டாப். மாற்ற வேண்டாம். நான்கைந்து டிராக், கொஞ்சம் ரிவெர்ப், இதற்கு 8 ஜிபி போதும். ஹார்ட் டிஸ்க் பழைய சுழலும் வகையாக இருந்தால் மட்டும் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மென்பொருளுக்கு ரீப்பர் எடுத்துக்கொள்ளலாம்: 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு 60 டாலர் கட்டினால் போதும், லேசானது. ஆடாசிட்டி இலவசம்தான், ஆனால் நெடுங்காலம் உரிமக் காரணங்களால் ஆசியோ இல்லாமலேயே வந்தது. அப்படிப்பட்ட பதிப்பில் நாம் தேடி வாங்கிய டிரைவருக்கு வேலை இல்லாமல் போகும். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முதலில் நிறுவி, பிறகு பெட்டியைச் செருகுங்கள். ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பதியும்போது பஃபர் 128, கலக்கும்போது 512. பாட்டுக்கு நடுவே டிக், டிக் என்று வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு, மின்சார அமைப்பை அதிகச் செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள். அப்புறமும் வந்தால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள், எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதன் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.